திருப்பிச் சொல்லுங்க, அக்கா

டாக்டரம்மா கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"பாப்பாவுக்கு மூச்சு நிமிஷத்துக்கு..." என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம், "ஐம்பத்தெட்டு, டாக்டரம்மா" என்று திரைக்குள்ளிருந்து சிஸ்டர் அக்காவின் குரல் கேட்டது. டாக்டரம்மாவின் விரல்கள் மேசை மேல் அப்படியே நின்றன. அவை இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை.

அந்த அறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு எண்ணுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எங்கேயோ ஒரு சாலையில் ஓடுகிற ஆம்புலன்ஸிலிருந்து படமும் சத்தமும் இங்கே வந்து சேர நாலு நொடி ஆகும். பேச வேண்டும், கட்டை விரலைத் தவிர மற்ற நாலு விரல்களையும் ஒவ்வொன்றாக மேசையில் தட்ட வேண்டும், அப்புறம்தான் திரையைப் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக இதே பிழைப்பு. வீட்டில் கணவனிடம் ஏதாவது கேட்டுவிட்டும் அவள் விரலைத் தட்டுவாள். "நான் என்ன ஆம்புலன்ஸ்லயா படுத்திருக்கேன்? பக்கத்துலதானே இருக்கேன்!" என்று அவன் சிரிப்பான்.

"லைன் இன்னைக்கு நல்லா இருக்கே?" என்றாள், பக்கத்து நாற்காலியில் இருந்த திரைக்காரரிடம். வயர், மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் பொறுப்பு.

அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இல்லியே மேடம். அதே நாலு நொடிதான் காட்டுது."

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டிடத்தில், ஒரு காலத்தில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். எந்நேரமும் பிளாஸ்டிக் சூடாகிற வாசனை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு மூலையில் ஒரு வாளி. சொட்டு, சொட்டு என்று அது விழுகிற சத்தம் மற்ற நாளெல்லாம் அவள் காதில் விழுந்ததே இல்லை. இன்று விழுந்தது.

திரையில் நாலு வயதுப் பெண் குழந்தை. நுரையீரல் முழுக்கச் சளி, ரத்தத்தில் கிருமி. ஊர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டு இங்கே அனுப்பியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். வண்டிக்குள் சிஸ்டர் அக்கா, குழந்தையின் அம்மா, முன்னால் டிரைவர். டாக்டர் கிடையாது. டாக்டர் என்பது இந்தத் திரையும், வண்டியின் கூரையில் இருக்கிற ஒரு ஸ்பீக்கரும்தான். அம்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் உள்ளங்கையில் தன் ஒற்றை விரலை வைத்திருந்தாள். "குட்டிமா, ஸ்பீக்கர்ல டாக்டர் அத்தை பேசுறாங்க பாரு" என்றாள். குழந்தை கூரையைப் பார்த்தது. அத்தையை அங்கே தேடியது.

"அக்கா, சலைன் நூத்தம்பது மில்லி, ஊசியால தள்ளுங்க."

"சலைன் நூத்தம்பது, ஊசியால. தள்ளுறேன்."

இதுதான் அவர்கள் வேலை செய்கிற விதம். இவள் சொல்வதை அக்கா வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கை வைக்கலாம். சைரன் சத்தத்தில் அஞ்சு அம்பதாகக் கேட்டு ஒரு உயிர் போய்விடக் கூடாது பாருங்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. இனிமேல் குழந்தையை எழுப்ப முடியாது, மார்பை அமுக்குகிற கையை எடுத்துவிடலாம் என்று தெரிந்தால், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள். சாவு, முடிவு என்கிற வார்த்தையெல்லாம் கூரை ஸ்பீக்கரிலிருந்து அவள் தலையில் விழக் கூடாது. அதனால் ஒரே ஒரு சொல்: "போதும்." அவ்வளவுதான். அக்கா அதைத் திருப்பிச் சொல்லுவாள், நேரம் சொல்லுவாள், உடனே சத்தத்தை அணைத்துவிடுவாள். ஒரு தாய் அழுவதை முகம் தெரியாத அறையில் உட்கார்ந்து இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட மரியாதை அது. அதனால் இந்த அறையில் வேறு எதற்கும் அந்தச் சொல் வாயில் வராது. டீக்குச் சர்க்கரை போடும்போது "இவ்வளவுதான்" என்பார்கள். மூன்று வருஷத்தில் டாக்டரம்மா அதைப் பதினொரு தடவை சொல்லியிருக்கிறாள். பதினொன்றும் அவளுக்கு மனப்பாடம். குழந்தையின் வயதோடு, நேரத்தோடு.

திரைக்காரர் ஏதோ வயர் எடுத்து வர வெளியே போனார்.

"ஆக்சிஜனைக் கூட்டியாச்சு, டாக்டரம்மா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா இன்னும் அதைச் சொல்லவே இல்லை. சொல்ல நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"நான் எப்பக்கா கூட்டச் சொன்னேன்?"

திரையில் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. வேறு எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் சட்டென்று எழுந்தாள். குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். அமுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அமுக்கினால் காற்று ஊதுகிற மூச்சுப் பையை அம்மா ஒரு கையால் பிடித்திருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது.

"அக்கா! என்னாச்சு? இதயம் நின்னுடுச்சா? அக்கா!"

மேசையில் கிடந்த செல்போன் அடித்தது. சிஸ்டர் அக்கா.

"ஏன் டாக்டரம்மா இப்படிக் கத்துறீங்க? ஸ்பீக்கர் கிழியுது. பாப்பா பயந்துபோச்சு."

"இதயம்..."

"நல்லாத்தானே துடிக்குது? இப்பதான் சலைனே முடிச்சேன். பாப்பா தண்ணி கேக்குது." போனுக்குள் ஒரு சின்னக் குரல், ஈரமே இல்லாத குரல், தண்ணி என்றது. "பதறாத காரியம் சிதறாதும்பாங்க. நீங்களே பதறினா நான் என்ன பண்றது?"

திரையில் அதே அக்கா அமுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. போன் அக்காவின் கையில் இருக்கிறது, காதில் இருக்கிறது. திரை அக்காவின் இரண்டு கையும் குழந்தையின் மார்பில் இருக்கின்றன. டாக்டரம்மா கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். படத்தின் மூலையில் எப்போதும் ஓடுகிற சின்னக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று நாற்பத்தொன்று.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பதினாலு.

அப்போது திரை அக்கா தலையை நிமிர்த்தி, நேராக இவளைப் பார்த்துச் சொன்னாள். "போதும். நிறுத்திட்டேன். நேரம் மூணு நாப்பத்தொண்ணு."

கையை எடுத்தாள். அதோடு படம் உறைந்தது. தூக்கிய இரண்டு கைகள். பையைப் பிடித்தபடி அம்மா. பின்கதவுக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் வெள்ளையுமாய் ரயில்வே கேட்டின் கட்டை. சத்தமில்லை. வாளியில் மட்டும் சொட்டு விழுந்தது.

திரைக்காரர் வயரோடு உள்ளே வந்தார். "அடடா, ஃப்ரீஸ் ஆயிடுச்சா? கடிகாரம் வேற தாறுமாறா காட்டுதே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா மேடம்?"

"வேண்டாம்." மைக்கும் அதே பெட்டியில்தான். அணைத்தால் மறுபடி லைன் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆகும். "நம்ம பேசுறது அங்க கேக்குதா?"

"கேக்குது. அங்கேருந்துதான் ஒண்ணும் வரல."

சரி. அங்கிருந்து வருவதற்குப் போன் இருக்கிறது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். யாரிடம் சொல்ல முடியும் இதை? தூக்கம் போதவில்லை, லீவு போடுங்க என்பார்கள். தனக்குள் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டாள். வானமே இடிந்து விழுந்தாலும் அந்தச் சொல்லை இன்றைக்குச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால்தானே அவள் திருப்பிச் சொல்ல முடியும்? நான் சொல்லாத வரைக்கும் அந்தக் கை எடுக்கப்படாது. குழந்தை என் கையைவிட்டுப் போகாது.

"அக்கா, டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லுங்க. கேட் வழியா வேண்டாம். பாலத்து வழியா வரச் சொல்லுங்க."

"பாலத்து வழி. சொல்றேன். சுத்தாச்சே டாக்டரம்மா?"

"பரவால்ல, நிக்காம ஓடட்டும்."

போனில் டிரைவர் முணுமுணுத்தது கேட்டது. வண்டி திரும்புகிற சத்தமும், ஏதோ உருண்டு விழுகிற சத்தமும் கேட்டன. டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

உறைந்த படத்தில் கேட் கட்டை இல்லை. கண்ணாடிக்கு வெளியே பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்தது.

மற்றதெல்லாம் அப்படியே. தூக்கிய கைகள். அம்மா. மூன்று நாற்பத்தொன்று.

"அண்ணே, இங்க கேட்... ஒரு கேட் தெரிஞ்சுதே, பார்த்தீங்களா?"

"நான் வந்ததிலேருந்து பாலம்தான் மேடம் தெரியுது" என்றார் திரைக்காரர், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி குடிங்க கொஞ்சம்."

மூன்று பத்தொன்பதுக்குக் குழந்தையின் இதயம் மெதுவாகத் துடிக்க ஆரம்பித்தது. அறுபது என்றாள் அக்கா. ஐம்பது. "அமுக்குறேன், டாக்டரம்மா." ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் செருகியிருந்த போனிலிருந்து அக்காவின் எண்ணிக்கை வந்தது. பதினைந்து அமுக்கு, இரண்டு மூச்சு. பதினைந்து அமுக்கு, இரண்டு மூச்சு. மூச்சுப் பையை அம்மாவிடம் கொடுத்திருந்தாள். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? "பயப்படாம அமுக்கும்மா. இப்படித்தான். நல்லா பண்றே." ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தையின் கை. படத்தில் அப்படித்தானே இருக்கிறாள். பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே மூச்சு ஊதுகிற கொடுமையை எந்தத் தாய்க்கும் கொடுக்கக் கூடாது.

டாக்டரம்மா மருந்து சொன்னாள். அக்கா திருப்பிச் சொன்னாள். மறுபடி மருந்து. மறுபடி திருப்பிச் சொல்லல். மூன்று இருபத்தைந்து. மூன்று முப்பது. இதயம் ஒரு தடவை திரும்பி வந்தது, ஒன்றரை நிமிஷம் துடித்தது, நின்றது. அம்மா எதற்கும் அழவில்லை. இரண்டு, இரண்டு என்று தானும் எண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்குத்தான் அழுகை வந்தது. மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் துடைத்தாள்.

மூன்று முப்பத்தாறு.

"டாக்டரம்மா." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்குக் கை மரத்துப்போச்சு. பதினேழு நிமிஷம் ஆச்சு. இனிமே..."

"அமுக்குங்க அக்கா."

"நீங்க சொல்லணும்..."

"சொல்ல மாட்டேன். அமுக்குங்க."

அக்காவின் எண்ணிக்கை மட்டும் வந்தது. குரல் தேய்ந்திருந்தது. அவளும் இரண்டு பிள்ளைகள் பெற்றவள்தான். திரைக்காரர் நாற்காலியில் நெளிந்தார். டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஐந்து நிமிஷம். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் போதாதா? தாண்டிவிட்டால் படம் பொய். படம் பொய் என்றால் குழந்தை பிழைக்கும். கணக்கு அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. வாயை இறுக்க மூடிக்கொண்டாள். உதடு வலித்தது.

நாற்பது.

போனில் வேறொரு குரல். அம்மாவின் குரல். எண்ணுவதை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னாள். சைரன் அதை விழுங்கிவிட்டது.

"என்ன சொல்றாங்க அக்கா? அக்கா?"

அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

"...என் விரலை..." என்றது அம்மாவின் குரல். "சிஸ்டர், பாப்பா என்னோட விரலை..."

டாக்டரம்மா எழுந்துவிட்டாள். உடம்பெல்லாம் காதானது. விரலை என்ன? பிடிக்கிறதா? அழுத்துகிறதா? "அண்ணே, சத்தம்! போன் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்ல போடுங்க! சீக்கிரம்!"

அவர் வயரைச் செருகினார். திருகியைத் திருகினார். அறை முழுக்கச் சைரன் ஊளையிட்டது. அதற்குள்ளே எங்கேயோ அம்மா. "...பிடிக்கிறா சிஸ்டர்! நிஜமா..." காது கிழிந்தது. இன்னும் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். பிடிக்கிறாள்! பிடிக்கிறாள் என்கிறாள்! டாக்டரம்மாவின் நெஞ்சு நிரம்பி வழிந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"இன்னும் கூட்டவா மேடம்?"

"போதும்."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

திரைக்காரர் திருகியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மைக்கின் மேல் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இல்ல... அக்கா, இல்ல! அது உங்களுக்கு..."

"போதும்." அறை முழுக்க, பெரிய ஸ்பீக்கரில், அக்காவின் குரல். களைத்த குரல். நன்றி சொல்கிற மாதிரி இருந்தது அது. "நிறுத்திட்டேன். நேரம் மூணு நாப்பத்தொண்ணு."

"அக்கா!" அந்தக் கத்தலைச் சைரன் விழுங்கிவிட்டது.

"விரலைப் பிடிக்கிறா சிஸ்டர்..."

"எல்லா அம்மாவும் இதேதான்மா சொல்வாங்க" என்றாள் அக்கா, மெதுவாக. "பையை என்கிட்ட குடு. குடும்மா."

கிளிக். ஸ்பீக்கர் அணைந்தது. போன் அணைந்தது.

படம் ஓட ஆரம்பித்தது.

இப்போது அது சரியாகத்தான் ஓடியது. மற்ற நாளைப் போல நாலு நொடி பின்னால், தெளிவாக, சத்தமில்லாமல். டாக்டரம்மா மைக்கில் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். திரையில் யாரும் திரும்பவில்லை. வண்டிக்குள் சத்தத்தை அணைத்தாயிற்று. மரியாதைக்காக. அக்கா அம்மாவைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள். அவள் வர மாட்டேன் என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வண்டி ஓரமாக நின்றது. முன் இருக்கையில், டிரைவர் பக்கத்தில், அம்மாவை உட்கார வைத்தார்கள். அக்கா திரும்பி வந்து வெள்ளைத் துணியைக் குழந்தையின் தலைவரைக்கும் இழுத்துவிட்டாள்.

"டிரைவருக்குப் போன் போடுங்க அண்ணே!"

"போட்டுட்டுத்தான் இருக்கேன் மேடம். ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டாரு."

டாக்டரம்மா அக்காவின் எண்ணை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரையில் அக்காவின் சட்டைப் பையில் வெளிச்சம். எடுத்துப் பார்த்தாள். கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அழுதுகொண்டிருந்தாள் பாவம். ஒவ்வொரு தடவையும் இது முடிந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டு, 'உங்க மேல தப்பில்லக்கா' என்று ஆறுதல் சொல்வது வழக்கம். அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அப்புறம் பேசலாம் என்பது போலக் கையைக் காட்டிவிட்டுப் போனை அணைத்தாள். வண்டியின் பக்கச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, குழந்தைக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓடுங்க அண்ணே! ரோட்டுக்கு ஓடுங்க! வண்டியை மறிங்க!"

அவர் ஓடினார். கதவு அடித்துக்கொண்டது. வண்டி இன்னும் பாலத்து மேல்தான். கண்ணாடிக்கு வெளியே கைப்பிடிச் சுவர் மெதுவாக நகர்ந்தது. சைரன் விளக்கின் சிவப்பு இப்போது கண்ணாடியில் இல்லை. அணைத்துவிட்டார்கள். இனி என்ன அவசரம்? பாலத்தின் இறக்கத்தில் சிக்னல் விழுந்தது. வண்டி ஒழுங்காக நின்றது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ்.

டாக்டரம்மா திரைக்கு மிக அருகில் போயிருந்தாள். அவள் மூச்சு கண்ணாடியில் படிந்தது. துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

துணியின் ஓரம் அசைந்தது.

வண்டியின் குலுக்கல். இல்லை. வண்டி நின்றுகொண்டிருக்கிறது.

கட்டிலின் ஓரத்தில், அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தில், துணிக்கு அடியிலிருந்து ஐந்து சின்ன விரல்கள் வெளியே வந்தன. காற்றில் திறந்தன. மெதுவாக மூடின. ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் நீண்டு, காலியான இருக்கையின் விளிம்பைத் தடவின. மறுபடி திறந்தன. மூடின.